குளிருக்கு அபராதம்

போன ஜனவரியில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கு நாலாவது மாடியிலிருந்து எடுத்த படம். பனிமூட்டத்தில் ஒன்றும் புலப்படவில்லை. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு மட்டும். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டாம் கேட். பெயிண்ட் டின்னைக் குறுக்கே வெட்டிச் செய்த ஒரு சட்டி, அதில் நெருப்பு, இரண்டு பக்கமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த இரண்டு சௌகிதார்கள், அதாவது காவலாளிகள். படத்தின் கீழே ஒரு வரி: ‘இதற்கு 5,000 ரூபாய் அபராதம் என்று இவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.’ பத்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. ‘படிப்பறிவு இல்லாதவர்கள், என்ன செய்ய’ என்றார் ஒருவர். ‘சட்டம் இருக்கிறது, அமல்படுத்தத்தான் ஆளில்லை’ என்றார் இன்னொருவர், ஓய்வு பெற்ற அதிகாரி.

இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கள் குழுவோடு நின்றுவிடுபவை அல்ல. குளிர்காலம் முழுக்கச் செய்தித்தாளின் ஆசிரியருக்குக் கடிதங்களிலும், தொலைக்காட்சி விவாதங்களிலும், பூங்காவில் காலை நடை போகிறவர்கள் வாயிலும் இவற்றைத்தான் கேட்கிறேன். தில்லியில் திறந்தவெளியில் தீ மூட்டுகிறவர்கள் அறியாதவர்கள். அறிந்தும் செய்கிறவர்கள் திமிர் பிடித்தவர்கள். இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றே, அபராதம். அது பலிக்கவில்லையென்றால் இன்னும் பெரிய அபராதம். படித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வதால் இது சரியாகத்தான் இருக்கும் என்று நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் சட்டத்தின் கதை. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் குப்பை, சருகு, பிளாஸ்டிக் என எதைத் திறந்தவெளியில் எரித்தாலும் 5,000 ரூபாய் என்று உத்தரவிட்டது. 2016 டிசம்பரில் குப்பை மேலாண்மை குறித்த அல்மித்ரா படேல் வழக்கில் அதை நாடு முழுக்க விரித்து, மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 என்றது. அதே 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் எவரும் குப்பையைத் தெருவில் எரிக்கலாகாது என்றன. பிறகு காற்று கெடக் கெட ஒவ்வொரு படியாகக் கட்டுப்பாடுகளை இறுக்கும் செயல்திட்டம் வந்தது, காற்றுத்தர மேலாண்மை ஆணையம் வந்தது. ஆக, பத்து வருடத்துக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. நெருப்பும் இருக்கிறது. பத்து வருடம் ஒரு மருந்தைக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் வைத்தியர் அளவைக் கூட்டலாம். நோய் வேறோ என்று ஒரு தடவை நாடி பிடித்தும் பார்க்கலாம். தில்லி அளவைக் கூட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.

புகை நல்லது என்று வாதாட நான் வரவில்லை. கிழக்கு தில்லியில் இருபது வருடமாக இருக்கிறேன். வீட்டு அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் நெபுலைசர் இருக்கிறது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, அதற்கு மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. கீழே போட்ட புகை மேலே போக வழியில்லை. ஏப்ரலில் காற்றோடு போய்விடும் அதே புகை, ஜனவரி விடியலில் மூன்றாம் மாடிப் படுக்கையறை வரைக்கும் வந்து தங்கிவிடும். சருகுக் குவியல் இன்னும் மோசம். ஈரச் சருகு கொழுந்துவிட்டு எரியாது. புகைந்து புகைந்து மணிக்கணக்கில் கிடக்கும். அதற்குள் ஒரு பால் பாக்கெட்டோ சிப்ஸ் உறையோ இருந்தால் வருவது விஷம்தான். தீ விபத்து பற்றிய அச்சமும் வெறும் அச்சமல்ல. 2022 மார்ச்சில் கோகுல்புரி குடிசைப் பகுதியில் ஒரே இரவில் ஏழு பேர் தீயில் இறந்தார்கள். அது எதனால் பற்றியது என்பது வேறு விஷயம். தார்ப்பாய்க் கூரையும் பிளைவுட் சுவரும் நெருக்கியடித்து நிற்கிற இடத்துக்கு ஒரு பொறி போதும் என்பதை மறுப்பதற்கில்லை. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: அந்தப் படத்தின் கீழே எழுதிய வரி தப்பு.

படம் வந்த அன்று இரவு கேட்டுக்குப் போனேன். இரண்டு பேரில் மூத்தவர் பிகாரிலிருந்து வந்தவர், ஐம்பது தாண்டியிருக்கும். “பையா, சங்கத்தில் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தோமே, அதைப் போட்டுக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்டேன். குரலில் உபதேசம் கொஞ்சம் இருந்திருக்கும். அவர் தகரக் கேபினைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம், முட்டி சுவரில் இடிக்கும். ஹீட்டர் ஸ்டூலுக்கு அடியில் சிவந்துகொண்டிருந்தது. “ஹீட்டர் உள்ளே இருக்கு சார்ஜி. கேட் வெளியே இல்ல இருக்கு?” என்றார்.

அரை மணி நேரம் அங்கே நின்றேன். அதற்குள் பதினோரு தடவை அவர் வெளியே வந்தார். கார் வரும், தடுப்புக் கம்பத்தைத் தூக்க வேண்டும். சாமான் கொண்டுவரும் பையன் பைக்கில் வருவான். ரிஜிஸ்டரில் அவன் பேரும் வீட்டு நம்பரும் எழுத வேண்டும். எழுத, கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் விரல் மடங்காது; மடங்கினாலும் பேனா எழுதாது, உள்ளே மை இறுகியிருக்கும். அவர் பேனாவை நெருப்புக்கு மேலே இரண்டு புரட்டு புரட்டி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, அப்புறம் எழுதினார். ஹீட்டரால் இதைச் செய்ய முடியாது என்பதல்ல. ஆனால் ஹீட்டருக்கும் கம்பத்துக்கும் நடுவே பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடியில்தான் அவருடைய பன்னிரண்டு மணி நேர வேலை.

அறியாமை என்கிறார்களே, அதையும் பார்த்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக அவர் உட்கார்ந்திருந்தார். காற்று திரும்பினால் அவரும் திரும்பி உட்கார்ந்தார். எரிப்பதற்கு வைத்திருந்த குவியலில் தோட்டக்கார மாலி வெட்டிப்போட்ட காய்ந்த கிளைகள், அட்டைப்பெட்டிகள். தெர்மோகோலைப் பிரித்து ஓரமாக எறிந்திருந்தார், “இது தொண்டையைப் பிடிக்கும்” என்று. இளைய சௌகிதாருக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டைப்பெட்டிகளில் ஒட்டியிருந்த முகவரிகளைப் படித்தேன். எல்லாம் எங்கள் வீடுகள். படம் எடுத்துப் போட்டவரின் வீட்டு நம்பரும் இருந்தது.

தமிழில் ‘குளிர்காய்கிறான்’ என்றால் வசவு. ஊரார் துன்பத்தில் சுகம் காண்கிறவனுக்குச் சொல்வது. வெயில் நாட்டுக்காரர்கள் நாம். குளிர்காய்வது சுகம் என்றுதான் மொழி நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2021 புத்தாண்டு அன்று விடியற்காலை தில்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் பதிவான வெப்பநிலை 1.1 டிகிரி. அந்த இரவில் தெருவில் நின்று வேலை செய்தவனைப் பார்த்து ‘குளிர்காய்கிறான்’ என்று சொல்லிப் பாருங்கள், சொல் வாயில் தங்காது.

அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். படம் பரவி, செயலாளர் எச்சரித்து, காவல் ஏஜென்சி மேற்பார்வையாளர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். இரண்டாம் கேட்டில் நெருப்பு நின்றது. குழுவில் மறுபடி கட்டைவிரல்கள். நாலு நாள் கழித்து நள்ளிரவில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போகவேண்டி வந்தபோது அதே பெயிண்ட் டின்னைப் பார்த்தேன். மாடியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். சுவரை ஒட்டி மூன்று நீல நிற டீசல் கேன்கள், எட்டடி தூரத்தில் நெருப்பு. திறந்த கேட்டருகே, நாலு பேர் கண்ணுக்கு முன்னால், கான்கிரீட் தரையில் எரிந்துகொண்டிருந்த தீயை எங்கள் ஒழுக்கம் டீசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. தீப்பாதுகாப்பு என்று பெயர் சொல்லித்தான் இதைச் செய்தோம்.

தடை செய்தால் தீ அணைந்துவிடும் என்பது இந்தப் பொதுக்கருத்தின் அடித்தளம். அணையாது, இடம் மாறும். எங்கள் விஷயத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போனது. மற்ற இடங்களில் வீட்டுக்குள்ளே போகிறது. 2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அன்றைக்குப் போகி. வடக்கு தில்லி அலிப்பூரில் ஒரு வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பையன்கள், நாலு பேரும் காலையில் பிணமாகக் கிடந்தார்கள். மூடிய அறைக்குள் அங்கீட்டி, அதாவது கரி அடுப்பு. அதே நாள் மேற்கு தில்லி இந்தர்புரியில் அதே விதமாக இரண்டு பேர். வருடா வருடம் இந்தச் செய்தி வருகிறது, உள்பக்கத்தில் நாலு வரியாக.

அங்கீட்டியை யாரும் புகையோடு அறைக்குள் கொண்டுவருவதில்லை. வாசலில் மூட்டி, புகை அடங்கி, கரி முழுக்கச் சிவந்து கனன்ற பிறகுதான் உள்ளே தூக்கி வருவார்கள். புகை போயிற்று, ஆபத்தும் போயிற்று என்று எண்ணம். கார்பன் மோனாக்சைடு வெளியேறுவது அந்தச் சாதுவான கனலிலிருந்துதான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவனை இருமக்கூட வைக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். இந்த ஆறு பேரும் அபராதத்துக்குப் பயந்து உள்ளே போனவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும். என் கேள்வி வேறு. ‘வெளியே மூட்டாதே’ என்று பத்து வருடமாகச் சுவரொட்டி ஒட்டுகிற ஊர், ‘உள்ளே மூட்டாதே’ என்று எத்தனை சுவரொட்டி ஒட்டியிருக்கிறது? வெளித்தீ மாடியிலிருந்து தெரிகிறது, கண்ணை உறுத்துகிறது, படம் எடுக்க முடிகிறது. உள்தீயைப் படம் எடுத்துக் குழுவில் போட யாரும் விழித்திருப்பதில்லை.

சட்டத்தை அமல்படுத்த ஆளில்லை என்ற அதிகாரிக்கு ஒரு வார்த்தை. அவர் சட்டம் படித்தவர், ஆகையால் 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் பொருள்களை எரிப்பதைத் தடைசெய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தரும் 19ஆம் பிரிவின் உட்பிரிவில், ‘எரிபொருள் அல்லாத’ பொருள் என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. எரிபொருளுக்கு வேறு உட்பிரிவு, வேறு நடைமுறை. ஒழித்துக்கட்டுவதற்காக எரிப்பது ஒன்று, வெப்பத்துக்காக எரிப்பது இன்னொன்று என்ற வித்தியாசம் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வாட்ஸாப் குழுவுக்குத் தெரியவில்லை. உத்தரப் பிரதேச நகரங்களில் குளிரலை வந்தால் நாற்சந்திகளில் அரசாங்கமே விறகு இறக்கி அலாவ் என்கிற பொதுக் கணப்பு மூட்டுவது பழைய வழக்கம். ஒரு ஊரில் அரசின் கருணை, பக்கத்து ஊரில் குற்றம். தில்லியின் காற்றுக்கு அந்தக் கருணை கட்டுப்படியாகாது என்றால் சரி. அதற்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டல்லவா தடை போட வேண்டும்?

அரசுக்கு இது தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. செயல்திட்டத்திலேயே குடியிருப்போர் சங்கங்கள் காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் மின் ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2025 குளிர்காலத் தொடக்கத்தில் தில்லி அரசு 10,000 ஹீட்டர்களைச் சங்கங்களுக்கு வழங்க முன்வந்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹீட்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், காற்றுத் தடுப்பு வேண்டும், கரண்ட் பில் கட்ட ஆள் வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டி மழையில் போட்டால் அது இன்னொரு தீவிபத்து. இவற்றைச் செய்ய வேண்டியவர்கள் நாம். ‘ஹீட்டர் கொடுக்காத சங்கத்துக்கு 5,000’ என்று யாராவது குழுவில் எழுதியதுண்டா? தில்லியில் அடிமட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி, 2025 ஏப்ரல் கணக்குப்படி, 18,456 ரூபாய். அபராதம் அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல். அபராதம் என்கிற கருவி எப்போது வேலை செய்யும் என்றால், வேறு வழியிருந்தும் தப்பு வழியில் போகிறவனிடம். சிக்னலில் நிற்கவும் முடியும், தாண்டவும் முடியும். தாண்டினவனுக்கு அபராதம் உறைக்கும். நிற்கவே இடமில்லாதவனிடம் அது வெறும் வரி.

இனி சருகு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: தில்லியில் வேம்பும் அரசும் இலை கொட்டுவது மாசியிலும் பங்குனியிலும். குளிர் விட்டு, வெயில் ஏறத் தொடங்கி, காற்று ஒரு நாள் மேற்கேயிருந்து வீசினால் போதும், தெரு முழுக்க மஞ்சள் கம்பளம். எங்கள் சாலையில் பெருக்குகிற அம்மாள் காலை ஆறரைக்கு நீள விளக்குமாற்றோடு வருவார். எட்டு மணிக்குள் அந்த இருநூறு மீட்டரில் இடுப்பளவு உயரத்துக்கு ஐந்து குவியல். அவரிடம் இருப்பது ஒரு தள்ளுவண்டி. ஒரு குவியலைக் கொண்டுபோகவே வண்டி மூன்று நடை போக வேண்டும். சருகு கனமே இல்லை, இடத்தை மட்டும் அடைக்கும். டலாவ் என்று சொல்கிற குப்பைக் கொட்டடி ஒரு கிலோமீட்டர் தள்ளி. அங்கே கொண்டுபோனால், வீட்டுக் குப்பைக்கே இடமில்லை, இலையை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்பார்கள். பத்து மணிக்கு மேற்பார்வையாளர் வரும்போது சாலை துப்புரவாக இருக்க வேண்டும். ஒரு தீக்குச்சி. இடுப்பளவுக் குவியல் அரை மணி நேரத்தில் ஒரு முறம் சாம்பல். அந்தத் தீதான் அவருக்கு மாநகராட்சி அனுப்பாத லாரி.

2016 விதிகளில் இதற்கும் ஒரு வரி இருந்தது: உள்ளாட்சி அமைப்பு, தெரு பெருக்குகிறவர்கள் இலையை எரிக்காமல் தனியாகச் சேர்த்து, சேகரிப்பவரிடம் ஒப்படைக்கும்படி அறிவுறுத்த வேண்டும். வாக்கியத்தின் முதல் பாதி எல்லாருக்கும் மனப்பாடம். ‘சேகரிப்பவர்’ என்ற சொல்லுக்கு எங்கள் சாலையில் இதுவரை ஆள் வரவில்லை. பூங்காவின் மூலையில் எட்டடிக்கு ஆறடி ஒரு குழி, மேலே வலை, வாரம் ஒரு முறை தண்ணீர். ஆறேழு மாதத்தில் எருவாகிவிடும். இலையைப் பொடிக்கிற சின்ன இயந்திரம் ஒன்று இருந்தால் இன்னும் சீக்கிரம். இதெல்லாம் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஆனால் குழி வெட்டப் போனால் பூங்காவைச் சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்கள் ‘நாற்றம் வரும், எங்கள் பக்கம் வேண்டாம்’ என்கிறார்கள். பிறகு புகை வருகிறது என்றும் அவர்களே எழுதுகிறார்கள்.

இது என் தெருவில் மட்டும் கண்ட கதை என்று தள்ளிவிடாதீர்கள். தில்லிக் காற்றில் கலக்கும் மாசு எங்கெங்கிருந்து வருகிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ந்து 2016 ஜனவரியில் தில்லி அரசுக்கு அறிக்கை கொடுத்தது. தில்லியில் குப்பை எரிப்பது இல்லை என்பது கட்டுக்கதை என்று அது பச்சையாகவே சொன்னது. ஒரு நாளைக்கு 190 முதல் 246 டன் வரை குப்பை எரிக்கப்படுகிறது என்று ஒரு மதிப்பீட்டை எடுத்துக்காட்டியது. அந்த மதிப்பீடு வந்த வழி எனக்குப் பிடிக்கும்: ஆய்வாளர்கள் செயற்கைக்கோளை நம்பாமல் தெருத்தெருவாக நடந்து, எரிகிற குவியல்களை எண்ணியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் வசதியான பகுதிகளில் குவியல் குறைவு, ஏழைப் பகுதிகளில் அதிகம். கான்பூர் அறிக்கையும் அதற்குக் காரணம் சொல்கிறது: அங்கே குப்பை அள்ளவும் அப்புறப்படுத்தவும் முறையான ஏற்பாடு இல்லை. படிப்பறிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பங்களா வாசலில் தினமும் வண்டி வந்து நிற்பதால் பங்களாக்காரர் எரிப்பதில்லை. வண்டி நிற்பதைத் தன் நற்குணம் என்று அவர் நினைத்துக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்?

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்பார்கள். பார்க்கலாம். 2022 ஏப்ரல் 26 மாலை பல்ஸ்வா குப்பைமலை பற்றிக்கொண்டது. 1994இலிருந்து கொட்டிக் கொட்டி வளர்ந்த மலை. அடியில் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் கசிந்துகொண்டேயிருக்கும். கோடை வெயிலில் அதற்குத் தீக்குச்சிகூட வேண்டாம். நாள்கணக்கில் எரிந்தது. பக்கத்தில் குப்பை பொறுக்குவோரின் பிள்ளைகள் படித்த ஒரு சின்னப் பள்ளியை மூடினார்கள். மறுநாள், ஏப்ரல் 27, சென்னையில் பெருங்குடிக் கிடங்கு பற்றிக்கொண்டது. பள்ளிக்கரணைப் பக்கம் உறவினர்கள் உள்ளவர்களுக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. எங்கள் பக்கத்துக் காசிப்பூர், 1984இல் தொடங்கி, நிரம்பிவிட்டது என்று 2002இலேயே ஒத்துக்கொண்டும் நிறுத்தாமல் கொட்டிய மலை, 2022 மார்ச்சில் எரிந்தது. 2024 ஏப்ரலில் மறுபடி எரிந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டு ஜன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டோம். தில்லியின் பெரிய திறந்தவெளித் தீ என்றால் அது குப்பைமலைத் தீதான். அதை மூட்டியவருக்கு 5,000 ரூபாய் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வாசல் எங்கே இருக்கிறது? மாநகராட்சிக்கு அபராதம் போட்டாலும் அது வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும் பணம், இரண்டு பையும் நம்முடையவை. நெருப்பின் அளவு குறையக் குறைய அபராதம் உறுதியாகிறது என்பது ஒரு விசித்திரம்.

அப்படியானால் அபராதமே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். மண்டோலிப் பக்கம் கேபிளை எரித்துத் தாமிரம் எடுக்கிறார்கள்; தில்லியின் ஓரங்களில் தொழிற்சாலைக் கழிவை இரவோடு இரவாக எரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவை முறைப்படி அனுப்பினால் செலவு, எரித்தால் மிச்சம் என்று கணக்குப் போட்டுச் செய்வது அது. அந்த வேலைக்கு 25,000 மிகவும் மலிவு. லாபத்துக்கு மூட்டிய தீயையும் குளிருக்கு மூட்டிய தீயையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதால், எளிதில் கிடைக்கிற ஆளிடம்தான் சீட்டு போகிறது.

லண்டன் இந்த வழியாக எப்போதோ போய்வந்த ஊர். 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பெரும்பகுதி வீட்டு அடுப்புகளில் எரிந்த நிலக்கரி. 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்து, புகையற்ற பகுதிகளை அறிவித்து, அங்கே புகைவிட்டால் தண்டனை என்றார்கள். நம் ஆட்கள் மேற்கோள் காட்டுவது இதுவரைக்கும்தான். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: கணப்படுப்பை மாற்ற வீட்டுக்காரருக்கு ஆகும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளாட்சி திருப்பித் தர வேண்டும். வெள்ளைக்காரன் நிலக்கரியை விட்டது தண்டனைக்குப் பயந்து மட்டும் அல்ல. புது அடுப்புக்குக் காசு வந்தது. அவ்வளவு தூரம் போவானேன், சென்னையைப் பாருங்கள். போகிக்கு டயர் எரிக்காதே என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது. 2018 போகியன்று விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி போகிக்கு முந்தைய நாள்களில் பழைய துணி, டயர், பாய், பிளாஸ்டிக்கை வீடு வீடாக வாங்கிக்கொள்கிறது. எரிக்காதே என்று சொல்லும்போதே எரிக்கவிருந்ததைக் கையில் வாங்கிக்கொள்கிறது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியான வாசலைத் தட்டியிருக்கிறார்கள்.

தில்லியில் குப்பை அள்ளக் காசு கேட்டபோது என்ன நடந்தது? 2025 ஏப்ரலில் மாநகராட்சி வீட்டுக்குக் குப்பைக் கட்டணம் என்று மாதம் 50 முதல் 200 ரூபாய் வரை சொத்து வரியோடு சேர்த்தது. குடியிருப்போர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. கட்டணம் கிடப்பில் போனது. சேவையே சரியில்லை, கட்டணம் எதற்கு என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. அது எனக்கும் புரிகிறது. ஆனாலும் 200 ரூபாய் அதிகம் என்று மனுவில் கையெழுத்துப் போட்ட அதே விரல், சௌகிதாருக்கு 5,000 ரூபாய் போதாது என்று தட்டச்சு செய்வதைப் பார்க்கும்போது கொஞ்சம் கூசுகிறது. நானும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவன்தான்.

பிப்ரவரி முதல் வாரம் சங்கக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்துப்போய் வாசித்தேன். கம்பத்தை ஒட்டி மூன்று பக்கம் அடைத்த ஒரு காற்றுத் தடுப்பு, மேலே கூரை. அங்கேயே மழை படாத பிளக் பாயிண்ட். ஆயிரம் வாட் ஹீட்டர், இரவு பத்து மணி நேரம், 10 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் இரவுக்கு 100. கடுங்குளிர் அறுபது இரவுக்கு 6,000. எங்களுடையது 96 வீடு. வீட்டுக்கு அறுபத்திரண்டரை ரூபாய், ஒரு குளிர்காலம் முழுவதற்கும். அதற்கு மேலும் யாராவது தீ மூட்டத்தான் செய்வார்கள் என்றால், மூடியுள்ள இரும்புச் சட்டி ஒன்று, பக்கத்தில் மணல் வாளி, டீசலிலிருந்தும் கார்களிலிருந்தும் தள்ளி ஓரிடம், காய்ந்த விறகு தவிர எதுவும் கூடாது என்ற நிபந்தனை. பூங்கா மூலையில் சருகுக் குழி.

யாரும் எதிர்க்கவில்லை. நல்ல யோசனை என்றார்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த டீசல் கேன்களை மறுநாளே எடுத்துவிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். கேபினிலிருந்து கம்பம் வரைக்கும் பதினைந்து அடி ஒயரிங்கை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் சிக்கல் வந்தது: பாதுகாப்பா, பராமரிப்பா, மின்சாரமா? பொருளாளர் ஊரில் இல்லை. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். அடுத்த கூட்டம் ஏப்ரலில் நடந்தது. சௌகிதார் அரைக்கைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். வெளியே அரசமரம் கொட்டி முடித்திருந்தது. சாலையோரம் வரிசையாக ஐந்து கருப்பு வட்டங்கள்.